பெட்டியம்மாவின் நெற்றி

ஆகஸ்ட் 4, திங்கள்

மூடியைத் தூக்க ஆறு பேர் வேண்டும் என்று போன வாரமே சொல்லியிருந்தேன். வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு. கடைசியில் நான் முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு மூலையையும், காப்பாட்சியர் அந்தோணிசாமி சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு மூலையையும் பிடித்தோம்.

அழுகல் நாற்றம் வரும் என்று எல்லோரும் மூக்கைப் பொத்தத் தயாராக இருந்தார்கள். வந்தது என்னவோ சுக்கும் சாம்பிராணியும் பழைய புத்தகமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் கடல் சத்தம் கூடக் கேட்டது.

உள்ளே துணி சுற்றிய சின்ன உடம்பு. பெண். மூவாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டியின் கால்மாட்டில் பெயர் எழுதியிருந்த இடத்தைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. அந்தக் காலத்துக் கப்பல் வியாபாரி ஒருவர் சூயஸில் வாங்கி இந்த ஊருக்குக் கொண்டுவந்தாராம். அவருடைய பங்களாதான் இப்போது அருங்காட்சியகம். ஊரில் எல்லோருக்கும் இவள் பெட்டியம்மா.

ஆயுத பூஜை விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் இவளைச் சரிசெய்து கண்ணாடிக்குள் வைக்க வேண்டும் என்று என்னைச் சென்னையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல். நான் திறப்பதில்லை, உப்புக் காற்று.

என் வீட்டுக்காரர் பூவராகன் கேட்டால் சிரிப்பார். அவர் வேலை பார்க்கும் கப்பல் சூயஸில் நின்றபோது, "உனக்கு என்ன வாங்கிட்டு வரணும்?" என்று போனில் கேட்டார். "ஒரு மம்மி" என்றேன். இதோ, வந்துவிட்டது. அவர் வந்ததும் காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பெட்டி அத்தி வகை மரம். அதன்மேல் சுண்ணப் பூச்சு, அதன்மேல் வண்ணம். கடற்கரை ஈரத்தில் மரம் ஊதியும் சுருங்கியும் வண்ணம் மீன் செதில் போல மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு செதிலுக்கும் அடியில் மெல்லிய தூரிகையால் மீன் பசையைச் செலுத்தி, மெதுவாக அழுத்தி உட்கார வைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கக் குனிந்திருந்தால் உள்ளங்கை அளவு முடிகிறது. மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விடுகிறேன். நான் தும்மினால் ஒரு வம்சமே பறந்துபோய்விடும்.

மூடியில் செதுக்கிய முகம் அழகு. பெரிய கண்கள், எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போன்ற உதடு. ஆனால் நெற்றியில் செங்கல் நிறத்தில் ஒரு மேடு. என்ன கனிமம் இது என்று காலை முழுக்க உருப்பெருக்கியில் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டேன். கூடத்தைக் காவல் காக்கும் கோதண்டம் அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"அது குங்குமம் மேடம்."

"குங்குமமா? யார் வெச்சது?"

"நான்தான். எனக்கு முன்னால நாகப்பன்னு ஒருத்தர். அவருக்கு முன்னால யாருன்னு தெரியல. ஆயுத பூஜைக்கு மேசை, நாற்காலி, டிக்கெட் மிஷின் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அம்மாவ மட்டும் எப்படி மேடம் விட்டுட்டுப் போறது?"

"ஈரச் சந்தனத்தையா வெச்சீங்க?"

"காஞ்ச சந்தனம் நிக்காதுல்ல மேடம்."

எத்தனை வருஷத்து ஈரம். எனக்கு வந்த கோபத்தில் டீயைத் தொடவில்லை. அவர் முகம் வாடிப்போனதும் கோபம் பாதியாகி, எரிச்சல் மட்டும் மிஞ்சியது. பிறகு ஆறிய டீயைக் குடித்தேன்.

அந்தோணிசாமி சார் எட்டிப் பார்த்தார். "நெத்திய மட்டும் பளிச்சுன்னு பண்ணிடுங்க மேடம். பாக்கறவங்களுக்கு எகிப்துலேர்ந்து வந்த மாதிரி இருக்கணும். மாரியம்மன் கோயில்லேர்ந்து வந்த மாதிரி இருக்கு."

பண்ணிவிடலாம் என்றேன்.

மயிலாடுதுறையிலிருந்து அத்தை போன். கையில் பசை. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மயிலாடுதுறை போன். கையில் பசை இல்லை. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடியவள் தூங்கிப்போனேன். கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளம் போல இல்லை, கிணற்றில் ஊற்றெடுப்பது போலச் சத்தமில்லாமல் ஏறியது. பெட்டி மிதந்தது. நான் பதறவே இல்லை. அத்தி மரம், ஒன்றும் ஆகாது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டியின் தலைமாட்டில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்புப் போட்டார். சட்டைக் காலர் உள்பக்கம் மடிந்திருந்தது. அதைச் சரிசெய்ய எழுந்தேன், விழித்துவிட்டேன்.

காலரை ஒழுங்காகப் போடவே வராது அவருக்கு.

விழித்த கையோடு அவர் எண்ணுக்குப் போட்டேன். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று அந்தப் பெண் சொன்னாள். எப்போதும் அதைத்தான் சொல்கிறாள். எவ்வளவு தன்மையான குரல். அப்பால் என்றுதான் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அத்தை இந்த முறை அந்தோணிசாமி சார் எண்ணைக் கண்டுபிடித்து அதில் கூப்பிட்டுவிட்டார். தையல்நாயகி என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள், ஊசி மாதிரி எங்கும் நுழைவார் என் மாமியார். சார் போனை என் கையில் கொடுத்துவிட்டு, நாசூக்காக வெளியே போய் நின்றார்.

"குந்தவை, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அத்தை."

"மகாளய அமாவாசைக்குப் பூம்புகார்ல வெச்சு முடிச்சுடலாம்னு வாத்தியார் சொல்றாரு. தர்ப்பையில உருவம் பண்ணிச் செய்யலாமாம். உடம்பு கெடைக்காதவங்களுக்கு அப்படித்தான் செய்வாங்களாம்."

சார் மேசையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

"புள்ள பசியோட அலையறாம்மா. கனவுல வந்து வாசல்லயே நிக்கிறான். உள்ள வாடான்னா வர மாட்டேங்கறான். மூணு வருஷமா ஒரு வாய் தண்ணி நாம குடுக்கல."

"அவரு இல்லன்னு யாரு சொன்னா அத்தை?"

அந்தப் பக்கம் அத்தை மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு, "நீ சரின்னு சொல்லாம நான் எதுவும் செய்ய மாட்டேன். ஆனா நான் எத்தன நாள் இருப்பேன்னு தெரியலியே" என்றார்.

கப்பல் மூழ்கியது உண்மை. சூயஸைத் தாண்டி, மத்தியதரைக் கடலில், ஒரு புயலில். சிலரைக் காப்பாற்றினார்கள். சிலரைக் கண்டெடுத்தார்கள். பூவராகன் இரண்டிலும் இல்லை. இவ்வளவுதான் தெரியும். தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது என் தொழிலில் முதல் பாடம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நெற்றியில் கைவைத்தேன். இத்தனை நாள் கன்னம், தாடை என்று சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

மென்மையான பரப்பைத் துடைக்க எங்களிடம் ஒரு பழைய வழி உண்டு. எச்சில். பஞ்சுக் குச்சியை நாக்கில் தொட்டு, உருட்டினால் போதும். எந்த ரசாயனமும் அவ்வளவு பதமாக அழுக்கை எடுக்காது. கோதண்டம் அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "நாங்க சந்தனம் வெச்சா தப்பு, நீங்க எச்சி வெக்கலாமா?" என்று கேட்டார். பதில் இருந்தது. சிரிப்பு வந்துவிட்டதால் சொல்ல முடியவில்லை.

பஞ்சு சிவந்தது. நன்றாக வருகிறது என்று நினைத்தேன். உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தால் சிவப்புக்கு நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு. குங்குமம் இல்லை. அவளுடைய தோல். அதாவது அவளுக்குப் பூசிய தோல் நிறம்.

கையை எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஓரம், மேல், கீழ், ஈரமாக, உலர்ந்து, ஊசி முனையால், எல்லா வழியிலும் முயன்றாகிவிட்டது. விஷயம் இதுதான். கன்னத்திலும் தாடையிலும் பாதி வண்ணம் எப்போதோ உதிர்ந்து போய்விட்டது. நெற்றியில் மட்டும் உதிரவில்லை, சந்தனமும் குங்குமமும் வண்ணத்தோடு சேர்ந்து ஒரே ஓடாக இறுகிப்போய்விட்டன. எது அவர்கள் வைத்தது, எது இவளுடையது என்று பிரிக்க இடமில்லை.

இவர்கள் வைத்தது தப்புதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தப்பு இப்போது அவள் முகத்தில் ஒரு பாகம்.

இன்னும் சாரிடம் சொல்லவில்லை. நாளைக்கு வேறு ஒரு கரைசலைப் பார்க்கலாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

அவளை வெளியே எடுத்துப் பலகையில் கிடத்தினோம், பெட்டியின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்ய. ஒரு குழந்தையின் எடைகூட இல்லை. எடுக்கும்போது கழுத்தை நான்தான் பிடித்துக்கொள்வேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். கழுத்துதான் முதலில் போகும். உள்ளங்கையை அடியில் கொடுத்து, மேலே தூக்காமல், தாங்க மட்டும் வேண்டும். துணிக்குள் தலை என் கையில் லேசாக அசைந்தது, தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல.

"பதட்டமில்லாம இருக்கீங்க மேடம்" என்றார் அந்தோணிசாமி சார்.

எனக்குப் பதட்டமெல்லாம் உடம்பு இல்லாத இடத்தில்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இடப்பக்கப் பலகையில் கறுப்பாகப் படிந்திருந்த புகையைத் துடைத்தேன். அடியில் ஒரு காட்சி வந்தது. மெல்ல, மழைநீர் வடிந்த பிறகு கோலம் தெரிவது போல.

ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் இறந்தவள். எதிரே மேசை நிறைய ரொட்டி, ஒரு வாத்து, வெங்காயத் தாள், தாமரை. மேசைக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி நின்று குடத்தைச் சாய்த்து நீர் வார்க்கிறாள். நீர் நீலக் கோடாக வளைந்து விழுகிறது. காட்சிக்கு மேலே ஒரு வரி சித்திர எழுத்து, எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த வரி பல பெட்டிகளில் வருவதால் உருவம் பழகிவிட்டது. ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் மது, ஆயிரம் துணி, அவளுக்கு.

நீர் வார்க்கிறவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சோகமே இல்லை. நீர் சிந்தாமல் வார்க்க வேண்டும் என்ற கவனம் மட்டும். சாயந்திர வெயில் சாய்வாக விழுந்து, அந்த நீர் ஓடுவதுபோலவே இருந்தது.

இத்தனை வருஷமாக, சரி என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவரை நானே கொன்றதாக ஆகிவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். அத்தைக்கோ நான் சொல்லாத ஒவ்வொரு நாளும் பிள்ளை பட்டினி. இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பெட்டிமேல் விழாமல் தள்ளி நின்று அழுதேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

அத்தைக்குப் போன் செய்தேன். "ஒரு தடவ இங்க வாங்க அத்தை. பேசணும்."

செப்டம்பர் 14, ஞாயிறு

அத்தை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஒரு தூக்கு நிறைய எலுமிச்சை சாதம், வாழைக்காய் வறுவல். இன்னும் இளைத்திருந்தார். அத்தை முப்பது வயதில் மாமாவை இழந்தவர். நெற்றியில் பொட்டு இருந்த இடம் இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. இத்தனை காலமும் பார்த்த முகம், இன்றுதான் அதைக் கவனித்தேன்.

பெட்டியம்மாவைக் காட்டினேன். பயப்படுவார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தால் பார்க்கப் போவது போலக் குனிந்து பார்த்தார்.

"வயசு என்ன இருக்கும் பாவம்?"

"நாப்பது இருக்கலாம் அத்தை."

"ஒன் வயசு." பிறகு மூடியில் உள்ள முகத்தைப் பார்த்தார். "இதென்ன, நெத்தியில குங்குமமா?"

சொன்னேன். கோதண்டம் அண்ணனைத் திட்டியதையும் சொன்னேன். அத்தை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று.

"இத எடுக்கத்தான் ஒன்ன அனுப்பியிருக்காங்களா?"

"ஆமா. ஆனா வராது அத்தை. எடுத்தா அடியில இருக்கிறதும் கூட வந்துடும்."

அத்தை மூடியில் உள்ள முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நீர் வார்க்கும் காட்சிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது என்ன என்று நான் சொல்லவே இல்லை.

"தண்ணி எறைக்கிறா" என்றார் அவராகவே.

"அமாவாசைக்குச் செஞ்சிடலாம் அத்தை" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். எலுமிச்சை சாதத்தை அங்கேயே சாப்பிடக் கூடாது என்பதால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்புக் கொஞ்சம் தூக்கல்.

செப்டம்பர் 17, புதன்

சாரிடம் நெற்றி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உருப்பெருக்கியில் அவரையே பார்க்க வைத்தேன். நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இப்படியேதானா?"

"இப்படியேதான் சார். இவ இந்த ஊர்லயும் இருந்திருக்கான்னு தெரியட்டுமே."

"மேலதிகாரிங்க கேட்டா?"

"என்னை மாட்டிவிடுங்க."

"மாட்டிவிடத்தான் போறேன்" என்றார். நல்ல மனுஷன். இரண்டு நாள் விடுப்புக் கேட்டேன். எதற்கு என்றார். "என் கணவருக்குக் காரியம்" என்றேன். இந்த மூன்று வார்த்தையையும் நான் வாய்விட்டுச் சொன்னது முதல் தடவை. கோதண்டம் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். கேட்டிருக்கும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூம்புகார். அமாவாசைக் கூட்டம். ஆறும் கடலும் சேரும் இடத்தில் தண்ணீர் ஒரு நிறமாக இல்லை. கரையெல்லாம் எள்ளும் வாழையிலையும். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் எல்லோரும் நிழல் மாதிரி இருந்தார்கள். சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

வாத்தியார் மணலில் தர்ப்பையைப் பரப்பி உருவம் செய்தார். தலைக்கு ஒரு தேங்காய். கைக்கு, காலுக்கு, மார்புக்கு என்று தர்ப்பைக் கட்டுகள். அவசரக் கட்டு. இன்னும் பல குடும்பங்கள் அவருக்காகக் காத்திருந்தன. கொழுந்தனார் தூக்கப் போனதும் இடுப்பில் கட்டு நெகிழ்ந்தது.

"இருங்க" என்றேன்.

பெண்கள் தள்ளி நிற்க வேண்டும் என்றார் வாத்தியார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் ஒதுங்கி இடம் விட்டார்.

உட்கார்ந்து முழுதும் அவிழ்த்துக் கட்டினேன். கைகள் முதலில், தனித்தனியாக. பிறகு உடம்போடு சேர்த்து. கால்களைச் சேர்த்து. இறுக்கியும் விடாமல், தளர்ந்தும் போகாமல். தர்ப்பை விரலைக் கீறியது. நல்ல உயரம் அவர். நீளம் போதவில்லை, இன்னும் ஒரு கைப்பிடி வாங்கிச் சேர்த்தேன். என் கை தானாகவே கழுத்துப் பக்கம் போய்ச் சட்டைக் காலர் இருக்கும் இடத்தைச் சரிசெய்தது. சுற்றிலும் என்ன நடந்தது என்று தெரியாது. அலை வந்து போவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"கழுத்தை நான் பிடிச்சுக்கறேன்" என்று கொழுந்தனாரிடம் சொன்னேன். உள்ளங்கையை அடியில் கொடுத்தேன். மேலே தூக்காமல், தாங்க மட்டும்.

சீக்கிரம் எரிந்துவிட்டது. புல்தானே. அத்தை சோற்று உருண்டையை இலையில் வைத்து, சொம்பைச் சாய்த்து நீர் வார்த்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முகத்தில் சோகமே இல்லை. அந்தக் கவனம் மட்டும். இந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

"சாப்பிடுடா ராஜா" என்றார்.

பிறகு அத்தையின் பெரிய நாத்தனார் என் பக்கம் வந்தார். கையில் ஈரத்துணி. அவர் கெட்டவர் இல்லை, செய்ய வேண்டியதைச் செய்ய வந்தவர். என் நெற்றிக்கு நேராகக் கை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதுவும் உண்டு என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுதாமல்தான் இத்தனை நாளையும் கடத்தியிருக்கிறேன்.

துணி படவில்லை. கண்ணைத் திறந்தேன். அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"வேணாம்."

"என்ன அண்ணி இது, மொறன்னு ஒண்ணு இருக்குல்ல."

"எனக்கு எடுத்தீங்க. சரின்னு இருந்தேன். இவளுக்கு வேணாம்." அத்தை பிடியை விடவில்லை. "எடுத்தா அடியில இருக்கிறதும் கூட வந்துடும்."

செப்டம்பர் 22, திங்கள்

அவர் எண்ணுக்குப் போட்டேன். அதே குரல், அதே தன்மை. கேட்டு முடித்துவிட்டு வைத்தேன். அறையின் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினேன். கனவில் யாரும் வரவில்லை.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

பெட்டியம்மா கண்ணாடிக்குள் போய்விட்டாள். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், காற்றுப் புகாத விளிம்பு, எல்லாம் சரி. நெற்றி அப்படியே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, எகிப்திலும் குங்குமம் வைப்பார்களா என்று கேட்டுச் சாரைத் திணறடிக்கிறார்கள்.

மதியம் கூடத்தை மூடிவிட்டுப் பூஜை. பொரி, சுண்டல். கோதண்டம் அண்ணன் தட்டோடு வந்தார். கண்ணாடிக்கு வெளியே, சட்டத்தில் மட்டும் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அப்படியே வைத்தார். ஆனால் சரியாக அவள் நெற்றிக்கு நேராக வைத்தார், அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். மேசைக்கு வைத்தார், டிக்கெட் மிஷினுக்கு வைத்தார், என் உருப்பெருக்கிக்கும் வைத்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் தட்டை நீட்டிக்கொண்டு வந்தார். என் பக்கத்து ஆள் எடுத்துக்கொண்டார். அடுத்தது நான்.

தட்டு நின்றது. அவர் தரையைப் பார்த்தார். எனக்குத் தெரியும், அவர் என்னை அவமதிக்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அந்தோணிசாமி சார் சுண்டல் பொட்டலத்தை ரொம்பக் கவனமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். தட்டு மெல்ல என்னைத் தாண்டிப் போகத் தொடங்கியது.

"அண்ணே, எனக்கு?"

திரும்பினார். என் நெற்றியில் பொட்டு அப்படியே இருப்பதை அப்போதுதான் பார்த்தார் போல. தட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். சந்தனத்தைத் தொட்டேன்.

"ஈரமா இருக்கு மேடம்" என்றார்.

"காயும் அண்ணே" என்றேன்.